பதினேழு வயது இன்ஜினுக்கு சிந்தெடிக் ஆயில்

எனக்குப் பயம் வந்தால் முதலில் கழுத்துக்குப் பின்னால் வியர்க்கும். அடுத்து வாய் ஒரு ஜோக் சொல்லும். ஜோக் நன்றாக இருந்தால் பயம் பெரியது என்று பொருள். என் மனைவிக்கு இந்த ரகசியம் தெரியும். நான் அடுத்தடுத்து ஜோக் அடிக்க ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "என்னத்த உடைச்சீங்க?" என்று கேட்பாள்.

அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் மிகப் பிரமாதமாக ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய அக்கா காஞ்சிபுரத்தில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். போன் பேசி வைத்ததும் மனைவி என்னிடம் வந்து, "காஞ்சிபுரத்துக்கு வண்டிய நான்தான் ஓட்டப் போறேன்," என்றாள்.

சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் அது சாதாரண விஷயம் இல்லை. பல வருஷத்துக்கு முன் முறையாக வண்டி கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கியவள் அவள். வாங்கிய கையோடு பூந்தமல்லி பைபாஸ் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி. அதற்குப் பின்னால் பாதிச் சென்னை. எல்லாரும் ஹாரன். இவள் கதவைத் திறந்து இறங்கி, பாலத்தின் ஓரமாகக் கீழே நடந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சாவியைத் தொடவே இல்லை. சமீபத்தில்தான், எங்கள் மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, தானாக எடுத்து ஓட்ட ஆரம்பித்தாள். நாங்கள் குடியிருக்கும் சேக்காட்டுக்குள்ளே ஒரு சுற்று, பருத்திப்பட்டு ஏரி வரைக்கும் ஒரு சுற்று, மார்க்கெட். அவ்வளவுதான். பாலம் என்றால் பேச்சை மாற்றிவிடுவாள்.

காஞ்சிபுரம் போக அதே பாலத்தில்தான் ஏற வேண்டும்.

"இந்தத் தடவையும் வழியில நின்னுச்சுன்னா அதோட முடிஞ்சது. அப்புறம் என்கிட்ட சாவியக் குடுக்காதீங்க, நானும் கேக்க மாட்டேன்," என்றாள்.

ஆகவே வண்டி நிற்கக் கூடாது. இது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அங்கேதான் தொடங்கியது வினை.

எங்கள் வண்டி பதினேழு வருஷத்துப் பெட்ரோல் வண்டி. சின்னது, சாம்பல் நிறம். பிறந்ததிலிருந்து சாதாரண இன்ஜின் ஆயில்தான் குடித்து வளர்ந்தது. ஒரு குறையும் சொன்னதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் ஒருவர், "இன்னுமா சார் பழைய ஆயில் ஊத்துறீங்க? சிந்தெடிக் போடுங்க, வண்டி வெண்ணெய் மாதிரி போகும்," என்றார். அவர் சொந்தமாக வைத்திருப்பது சைக்கிள். அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் பரோட்டா கடையை ஒட்டி எங்கள் வழக்கமான மெக்கானிக் ஷெட் இருக்கிறது. வழக்கமான ஆயில் மாற்றத்துக்குத்தான் போனேன். மெக்கானிக்கிடம் சிந்தெடிக் என்று நான் வாயெடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அலமாரியில் புது டின் தயாராக நின்றுகொண்டிருந்தது.

"நானே சொல்லலாம்னு கீறேன் சார், நீயே கேட்டுட்ட. ஊத்திரலாம். இன்ஜின் பட்டு மாதிரி ஓடும்."

பழைய ஆயிலை அடியில் வடித்தார். தார் மாதிரி இறங்கியது. ஃபில்டரை மாற்றினார். புது ஆயிலை ஊற்றினார். தேன் மாதிரி இறங்கியது. பார்க்கவே புண்ணியமாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்ததும், 'வண்டி எப்படிப் போச்சு பாத்தியா?' என்று கேட்டுப் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம்.

வண்டி நிஜமாகவே பட்டு மாதிரி ஓடியது. அதுதான் முதல் பிரச்சினை. மறுநாள் எஸ்டேட் சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது சத்தத்தையே காணோம். பதினேழு வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்த ஆள் திடீரென்று வாயை மூடினால் மூக்கருகே விரல் வைத்துத்தானே பார்ப்போம்? வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாவியைத் திருகினேன். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் சாவியைத் திருகினால் என்ன சத்தம் வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ஓடிக்கினு கீற வண்டிக்கு எதுக்கு சாவி போட்ற?"

"சும்மா, ஓடுதான்னு செக் பண்றேன்."

"மூச்சு வுட்டுகினு கீறியே, அத்தயும் ஒருவாட்டி செக் பண்ணிக்கோ," என்றுவிட்டு அவர் போய்விட்டார். சிக்னல் பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.

இரண்டாவது பிரச்சினை எங்கள் மேல்வீட்டிலிருந்து வந்தது. அங்கே குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஐ.டி.யில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். உலகத்தில் உள்ள எல்லா வீடியோவையும் பார்த்தவர். மாடிப்படியில் பார்த்தபோது, பெருமை தாங்காமல் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

அவர் படியிலேயே நின்றுவிட்டார். "ஊத்தீட்டீங்களாங்ண்ணா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம், மாத்திரையை விழுங்கியவனிடம் கேட்கிற விதம்.

"ஏன் தம்பி?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா. பழைய இன்ஜின்ல ரப்பர் சீலெல்லாம் காஞ்சு சுருங்கி இருக்குமுங்க. உள்ள படிஞ்ச அழுக்குதான் அத அடைச்சுட்டு இருக்கும். சிந்தெடிக் அந்த அழுக்கக் கழுவி உட்டுருமுங்க. அப்பறம் ஆயில் ஒழுக ஆரம்பிக்கும்னு ஒரு வீடியோல சொன்னாங்க."

"ஒழுகினா?"

"ஆயில் கொறைஞ்சா இன்ஜின் ஜாம் ஆயிருமுங்க. அப்பறம் எங்க இருக்குதோ அங்கயே நின்னுரும்," என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆகாதுங்ண்ணா," என்று சேர்த்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

அந்த வீடியோவை அனுப்பியும் வைத்தார். அதற்குக் கீழேயே இன்னொரு வீடியோ இருந்தது. அதில் வேறொருவர், சீல் நன்றாக இருந்தால் எந்த வண்டிக்கும் சிந்தெடிக் ஊற்றலாம், ஒன்றும் ஆகாது என்று நிதானமாக விளக்கினார். இரண்டையும் பார்த்தேன். முதல் ஆளைத்தான் நம்பினேன். இரண்டாமவர் குரலில் போதிய பயம் இல்லை.

அழுக்கால்தான் அடைபட்டிருக்கிறது என்பது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. யோசித்தால் நானும் அப்படித்தான். ஐம்பதை நெருங்கும் உடம்பில் எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? யாராவது என்னை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மறுநாள் நானும் மூட்டு மூட்டாகக் கழன்றுவிடுவேன். இதை மனைவியிடம், வண்டியைப் பற்றி வாயே திறக்காமல், பொதுவான தத்துவமாகச் சொன்னேன். "ம்," என்றாள். அவள் கவனம் எங்கேயோ இருந்தது.

மறுநாள் காலையில் பார்க்கிங்கில் இறங்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. ஆனால் தேன் மாதிரி ஊற்றிய ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. கழுவுகிறது. கோவைக்காரர் சொன்னது சரி. பதினேழு வருஷத்து அழுக்கையும் கழுவி, சீலைத் திறந்துவிடப் போகிறது.

வீட்டில் புது ஃபேன் வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. அதைப் பிரித்து, யாருக்கும் தெரியாமல் இன்ஜினுக்குக் கீழே விரித்து வைத்தேன். ஒழுகினால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த நாள் குளிக்கக்கூடச் செய்யாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அட்டையின் ஓரத்தில் எண்ணெய்.

பெரிய வட்டமில்லை. தோசைக்கல்லில் தடவிய மாதிரி ஒரு பொன்னிறப் பொட்டு, நாக்கு மாதிரி உள்ளே நீண்டிருந்தது. அடுத்த நாள் அட்டையை மாற்றிப் போட்டேன். மறுபடியும் பொட்டு. அதற்கடுத்த நாள் இன்னும் பெரிதாக. ஒவ்வொரு நாளும் என் வண்டி உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கம்பெனியில் பார்ப்பது தரக்கட்டுப்பாடு. பிறர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் கறுப்பு. அட்டையில் இருப்பது பொன்னிறம். கறுப்பாக இருக்கும் ஒன்று எப்படித் தங்கமாக ஒழுகும் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. பயந்தவனுக்குக் கண் இரண்டு மடங்கு வேலை செய்கிறது, மூளை லீவு போட்டுவிடுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து நேராகக் கரையான்சாவடிக்கு வண்டியை விட்டேன்.

"இத எடுத்துட்டுப் பழைய ஆயிலயே ஊத்திடுங்க," என்றேன்.

மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னா சார், இது இன்னா டீயா, ஆத்தி ஆத்தி ஊத்த? இப்பதான ஊத்தினேன்?"

"கறுப்பா ஆயிடுச்சு."

"ஆவத்தான் செய்யும். உள்ள கீற அழுக்க இஸ்துகினு வர்து. வெத்தல போட்டவன் வாய் கொப்புளிச்சா தண்ணி வெள்ளையாவா சார் வரும்?"

"சீல் எல்லாம் போயிடும்னு சொல்றாங்களே?"

"போனா போவும். போவுற வரிக்கும் நல்லா ஓடும்."

"இதுக்கு முன்ன பழைய வண்டிக்கு இத ஊத்தினீங்களே, அவங்கெல்லாம் என்ன சொன்னாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒர்த்தனும் திரும்பி வர்ல சார்."

"நல்லா ஓடுதுன்னு வரலையா? நின்னு போயிட்டதால வரலையா?"

"அத்தான் எனக்கும் தெர்ல," என்றார், மனத்தில் எந்தக் கபடமும் இல்லாமல்.

என் கழுத்து நனைந்துவிட்டது. அவர் அதைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். வெளியே வந்து உள்ளங்கையைக் காட்டினார். "பாரு. காஞ்சிகினு கீது. ஒரு சொட்டு இல்ல."

"வீட்ல ஒழுகுதே. அட்டை போட்டுப் பாத்தேன்."

"ரோட்ல ஒழுவாது, ஷெட்டுல ஒழுவாது, ஊட்ல மட்டும் ஒழுவுதா?"

"ஆமா."

"அப்ப ஊட்டதான் சார் சர்வீஸ் உடணும்," என்று மறுபடியும் டீ கிளாஸை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. ஞாயிறைத் தள்ளிப்போட ஒரு பொய்க் காரணம்கூடத் தயாரித்து வைத்திருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று. ஆனால் மத்தியானம் மனைவி, நாளைக்குக் கட்டிக்கொள்ளப் பருத்திப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "பட்டு கட்டினா கிளட்ச் மிதிக்கும்போது வழுக்கும்," என்றாள். அதைக் கேட்ட பிறகு காய்ச்சலை நான் வெளியே எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில், பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். எங்கள் ஃப்ளாட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தூண்களும் பார்க்கிங்கும். என் வண்டி நிற்கும் இடத்துக்கு முன்னால் உள்ள தூணில் ஒரு சின்ன மாடம் கட்டி, பிள்ளையார் வைத்திருக்கிறார்கள். குடிவந்த நாளிலிருந்து அவர் அங்கேதான் இருக்கிறார். ஆகவே நான் அவரைப் பார்ப்பதே இல்லை. பானட்டைத் திறந்து, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, பம்பருக்குப் பக்கத்தில் வெளிச்சத்துக்காகக் குத்த வைத்து உட்கார்ந்து அளவு பார்த்தேன். குறையவில்லை. ஒழுகுகிறது, ஆனால் குறையவில்லை. அட்சய பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறேனா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி. கையில் எங்கள் வீட்டு நல்லெண்ணெய் பாட்டில்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கமாக வந்ததால், திறந்திருந்த பானட் என்னை மறைத்தது. மாடத்துக்கு முன்னால் நின்று அகலில் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். கண்ணைத் திறந்தாள். போதாது என்று பட்டதோ என்னவோ, மறுபடி ஊற்றினாள். அகல் நிரம்பியது. அவள் கண் விளக்கில் இல்லை, பிள்ளையார் முகத்தில் இருந்தது. இன்னும் ஊற்றினாள்.

எண்ணெய் வழிந்து மாடத்தின் விளிம்புக்கு வந்தது. தூணில் இறங்கியது. தரைக்கு வந்து, தண்ணீர் போவதற்காக விட்டிருந்த சரிவைக் கண்டுபிடித்து, அவசரமே இல்லாமல் என் வண்டியை நோக்கி வந்தது. நான் குத்த வைத்தபடியே அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னிறம். என் காலைத் தாண்டி, பம்பருக்கு அடியில் புகுந்து, அட்டையின் ஓரத்தைத் தொட்டது.

"ஐயோ, நீயா?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "பால் வாங்கப் போறேன்னீங்க. அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா. நீ?"

"சும்மா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே மூச்சில் சும்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பாட்டிலைப் பின்னால் மறைத்தாள். நான் கம்பியைப் பின்னால் மறைத்தேன். பிள்ளையார்தான் எதையும் மறைக்கவில்லை.

அவளே முதலில் சொன்னாள். "நாளைக்குப் பாலத்துல வண்டி நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இந்த வாரம் பூராவும் வெளக்கு போடறேன். தினமும் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுது. பயமா இருந்தா கை தாராளமாப் போயிடுது."

"என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னா ஜோக் அடிப்பீங்க."

பதில் சொல்ல வாய் திறந்தேன். உள்ளே ஒரு ஜோக் தயாராக இருந்தது. நல்ல ஜோக். விழுங்கிவிட்டேன்.

பிறகு என் கதையைச் சொன்னேன். சிந்தெடிக் ஆயில், கோவைக்காரர், சீல், மெக்கானிக், எல்லாம். அவள் குனிந்து அட்டையை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"நம்ம வீட்டு நல்லெண்ணெய். ஒரு வாரமா இத மோந்துகூடப் பாக்கலையா நீங்க? நீங்கதான் கம்பெனியில குத்தம் கண்டுபிடிக்கறவரா?"

சிரிக்க ஆரம்பித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூணும் எண்ணெய், கையும் எண்ணெய். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அப்ப வண்டி நிக்காதா?"

"ஆயில் ஒழுகல. அது நிச்சயம். மத்தபடி நிக்குமா நிக்காதான்னு தெரியாது. நிக்காதுன்னுதான் தோணுது. நின்னா நான் எறங்கித் தள்றேன். நீ எறங்க வேண்டாம்."

"ம்," என்றாள். மீதி எண்ணெய் இருந்த பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். கரையான்சாவடி தாண்டும்போது ஷெட் மூடியிருந்தது. பூந்தமல்லி சிக்னலில் நின்றோம். அவள் கை மெதுவாகச் சாவிக்குப் போனது.

"ஓடுது," என்றேன்.

"சத்தமே காணோமே?"

"ஓடுது. நான் ஏற்கெனவே அவமானப்பட்டுட்டேன். நம்பு."

பாலம் வந்தது. ஏற்றத்தின் நடுவில் முன்னால் போன வேன் பிரேக் அடித்தது. இவளும் அடித்தாள். கிளட்ச் தாமதமாக மிதிபட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. இது ஆயிலால் நின்றது இல்லை. பிள்ளையாராலும் இல்லை. பதினெட்டு வயதில் வண்டி கற்றவர்களும் தினமும் செய்கிற தப்பு. ஆனால் அதே பாலம். பின்னால் ஹாரன் தொடங்கிவிட்டது.

நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

"பேசாதீங்க. எறங்காதீங்க. உக்காருங்க," என்றாள், என்னைப் பார்க்காமலேயே.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். ஹாரன் அடிப்பவர்களுக்காக அல்ல, தனக்காக, ஒரு பெரிய மூச்சு விட்டாள். சாவியைத் திருகினாள். இன்ஜின் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. முதல் கியர். கொஞ்சம் அதிகமாகவே ஆக்ஸிலரேட்டர். வண்டி பின்னால் நழுவாமல் ஏறியது. பின்னாலிருந்தவர் முந்திக்கொண்டு போகும்போது எங்களைத் திரும்பிப் பார்த்தார். இவள் பார்க்கவில்லை.

பாலத்திலிருந்து இறங்கி, செம்பரம்பாக்கம் தாண்டி, குடோன்களும் மனை விற்பனை போர்டுகளும் முடிந்த இடத்தில்தான் அவள் தோளின் இறுக்கம் தளர்ந்தது. "என்னமோ சொல்ல வந்தீங்களே, பாலத்துல? இப்ப சொல்லுங்க," என்றாள்.

மறந்துபோயிருந்தது.

காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டு வாசலில், வழவழவென்று புதுக் கல் பதித்த தரையில் வண்டியை நிறுத்தினாள். எல்லாரும் வாசலுக்கு வந்து, ஓட்டி வந்தவளைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். நான் நைசாக முன்பக்கம் போய்க் குனிந்து அடியில் பார்த்தேன்.

சகலை பதறிவிட்டார். "என்ன சகலை, எதாவது விழுந்துடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் விழல மாமா," என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இங்க தூணும் இல்ல, பிள்ளையாரும் இல்ல. எந்திரிங்க," என்றாள்.

தரை சுத்தமாகத்தான் இருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, களைத்திருப்பாளே என்று நல்ல எண்ணத்தில் சாவிக்குக் கை நீட்டினேன். அவள் சாவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அடியில பாக்கணும்னா பாத்துட்டு வாங்க," என்றாள். "நான் வண்டியத் திருப்பி நிறுத்தறேன்."